பஞ்சாமிர்தம் ஏறிய துப்பாக்கிக்கு ஊசி செய்ய உத்தரவு கேட்பது

அனுப்புநர்
த. செல்லப்பாண்டி,
விவசாயி, கவுஞ்சி,
கொடைக்கானல் மேல்மலை.

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்.

பொருள்: பயிர்ப் பாதுகாப்புத் துப்பாக்கி – உடைந்த ஊசிக்கு மாற்று ஊசி செய்ய உத்தரவும் உரிம நீட்டிப்பும் வேண்டுதல் – துப்பாக்கியை ஒப்படைக்க மறுப்பது – தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

1. நான் மேற்படி ஊரில் உருளைக்கிழங்கும் பூண்டும் பயிரிட்டு வருகிறேன். படிப்பு ஏழாவது. எட்டாவதும் போயிருந்தால் தங்கள் நாற்காலியில் நான்தான் என்று ஊரில் பேசிக்கொள்வார்கள், அது இருக்கட்டும்.

2. என்னிடம் உரிமத்துடன், போல்ட் என்னும் தாழ்ப்பாளை இழுத்துத் தோட்டா போடும் ஒரு பழைய துப்பாக்கி உள்ளது. புலியின் வாயிலிருந்து தன்னைப் பிடுங்கி எடுத்ததற்காக ஒரு வெள்ளைக்காரத் துரை என் தாத்தாவுக்குக் கொடுத்தது. சென்ற மனுவில் சிறுத்தை என்று இருந்தால், அது எழுதிக் கொடுத்தவரின் கைப்பிழை. நான் வானத்தை நோக்கி மட்டுமே வெடிப்பேன். ஒரு வெடிக்கே காட்டுப்பன்றிகள் மன்னவனூர் தாண்டித்தான் திரும்பிப் பார்க்கும். "பன்னி என்ன ஒங்களுக்குப் பயந்தா ஓடுது? சத்தத்துக்குல்ல ஓடுது" என்பது என் மனைவி வேலுத்தாயின் கருத்து. தாங்கள் அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

3. சென்ற ஆயுத பூஜையன்று மண்வெட்டி, மருந்தடிக்கும் மெஷினோடு துப்பாக்கிக்கும் சந்தனம் வைத்தோம். பழனியிலிருந்து வந்திருந்த என் மைத்துனன் ராஜமுருகன், "சாமிக்குப் பொட்டு மட்டும் போதுமா மச்சான்? வாய்க்கும் குடுப்போம்" என்று போல்ட்டைத் திறந்து உள்ளே ஒரு கரண்டி பஞ்சாமிர்தம் விட்டான். பிரசாதத்தை மண்ணெண்ணெய் போட்டுத் துடைப்பது பாவம் என்பதால் ஒருவரும் துடைக்கவில்லை. அது பாகாக இறுகி, போல்ட் அசைய மறுத்தது. ராஜமுருகன் சுத்தியலால் தட்டியதில், தோட்டாவின் பின்புறம் குத்தும் ஊசி முறிந்தது. முருகன் பிரசாதம் பட்டது குற்றமென்றால் அந்த வழக்கை நான் தனியாகச் சந்திப்பேன்.

4. மதுரையில் உரிமம் பெற்ற துப்பாக்கி பழுதுபார்ப்பவரான ஞானவேலிடம் கொண்டுபோனேன். "செஞ்ச கம்பெனியே இல்லீங்க, புது ஊசிக்கு எங்க போக? நானே கடைஞ்சு தர்றேன். ஆனா ஒங்க உரிமம் முடியப் போகுது. புதுப்பிச்சிட்டு வாங்க, இல்லாட்டி ரெண்டு பேரும் உள்ள போய் உக்காரணும்" என்றார்.

5. புதுப்பிக்கப் போன அலுவலகத்தில், "வெடிக்காத துப்பாக்கிக்கு எதுக்குங்க உரிமம்? ஒப்படைச்சிட்டு வெரசா ஊரு போய்ச் சேருங்க" என்றார்கள். ஆக, உரிமம் இருந்தால் ஊசி, ஊசி இருந்தால் உரிமம். தாலியைக் கட்டினால்தான் பெண் பார்க்க வரலாம் என்பது போல் இருக்கிறது. இதைச் சட்டம் என்று சொன்னால் என் வீட்டு எருமையும் ஒப்புக்கொள்ளாது.

6. ஓசையில்லாமல் ஊசி செய்து தர வேறொரு பட்டறைக்காரர் முன்வந்தார். நான் சம்மதிக்கவில்லை. திருட்டு ஊசி போட்ட அன்றே அது திருட்டுத் துப்பாக்கி. செல்லப்பாண்டி எதைச் செய்தாலும் பகலில், கலெக்டருக்கு எழுதிவிட்டுத்தான் செய்வான்.

7. பன்றிகளுக்குச் செய்தி எட்டிவிட்டது. கீழ்வயலில் கிழங்கை உழுது போட்டுவிட்டன. நானும் வேலுத்தாயும் தகரம் தட்டிக் கத்திக் கத்தி, அவளுக்குக் குரல் போயே போய்விட்டது. மேல்வயலும் போனால் இந்த வருடம் எங்களுக்குப் பிழைப்பில்லை.

8. ஆகவே, ஞானவேல் ஊசி செய்ய எழுத்தில் உத்தரவும், அதுவரை என் உரிமத்துக்கு நீட்டிப்பும் தருமாறு வேண்டுகிறேன். துப்பாக்கியை ஒப்படைக்க மாட்டேன். ஒப்படைத்தே ஆகவேண்டும் என்பது தங்கள் முடிவானால், அதை வாங்க வரும் அலுவலர் கிழங்கு எடுக்கும்வரை எங்கள் வயலிலேயே தங்கிப் பன்றி விரட்ட ஆணையிடவும். சாப்பாடு நாங்கள் போடுவோம். நல்ல தொண்டையுள்ளவராகப் பார்த்து அனுப்பவும்.

இடம்: கவுஞ்சி
நாள்: 18.11.2024

உத்தரவுக்குப் பணிந்தும் துப்பாக்கியை விடாமலும்,
(ஒப்பம்) த. செல்லப்பாண்டி