317-ஆம் எண் தகடு

மே 4
காலைச் சாப்பாட்டுக் கடையில் கார்லண்ட் புரூயிட். எல்லோரும் கேட்க, "என்ன வெண்டல், தகட்டுக்குப் பழைய ஸ்க்ரூ கெடச்சுதா?" என்றான். கடையே சிரித்தது.

போன கோடையில் பழைய விமானக் கண்காட்சிக்கு நடுவர்களைக் கூட்டிவந்து, என் விமானத்தின் அடையாளத் தகட்டை நகத்தால் தட்டி, "ஸ்க்ரூ புதுசு. தகடு எங்கேர்ந்து வந்துச்சோ" என்றவன். பதினோரு வருட உழைப்பு. எனக்குத் தந்த கோப்பையைப் பிடுங்கி அவனிடமே கொடுத்தார்கள்.

பழைய விமானங்களைப் புதுப்பிக்கும் எங்களுக்குத் தகடுதான் விமானம். சிறகு, உடல், எஞ்சின் எல்லாம் புதிதாகச் செய்யலாம். 1929-இல் ஆலை அடித்த அந்தப் பித்தளைத் துண்டு அசலாக இருந்தால் போதும். இல்லையென்றால் பொம்மை. அவனுடைய விமானத்தையும் பொம்மையாக்கிவிட்டுத்தான் எனக்கு மறுவேலை.

மே 19
ஆலைப் பேரேட்டின் நகல் வந்தது. அவன் தகட்டின் எண் 317. அந்த எண் கொண்ட விமானம் 1934-இல் நெப்ராஸ்காவில் எரிந்து போயிருக்கிறது. எரிந்த விமானத்தின் தகட்டில் ஒரு தீக்காயம்கூட இல்லையே, கார்லண்ட்?

மே 20
"அவன விட்டுத் தொலைங்க. சூப் ஆறுது" என்கிறாள் என் மனைவி ஆர்லீன். மாட்டேன்.

ஜூன் 2
விமானநிலையத்தில் பொதுமக்கள் நாள். கூட்டத்தோடு போய் அவன் தகட்டைப் படம் எடுத்தேன்.

ஜூன் 3
பூதக்கண்ணாடியில் பார்த்தேன். ஏழின் கால் உடைந்திருக்கிறது. உலோகத்தில் எண் அடிக்கும் என் அச்சுகளை எடுத்து ஒரு தகரத்தில் அடித்தேன். அதே உடைசல்.

அடித்தவன் நான்.

1987. நண்பன் ஹோபார்ட் 317 என்று ஒரு தகடு அடித்துத் தரக் கேட்டான். "சுவத்துல மாட்டத்தான்டா. புதுசாத் தெரியக் கூடாது, அமிலத்துல முக்கு." சுவரில் மாட்ட எதற்கு அமிலம்? கேட்கவில்லையே நான். ஹோபார்ட் செத்து, சாமான்கள் ஏலம் போயின. கார்லண்ட் அசல் என்று நம்பித்தான் வாங்கியிருப்பான். அப்படியென்றால் அவன் ஏமாற்றவில்லை — ஏமாந்திருக்கிறான்.

ஜூன் 9
ஆர்லீனிடம் சொன்னேன். "வாய மூடிட்டு இருங்க. சொன்னா உங்க மெக்கானிக் லைசென்ஸ் போயிரும். நாப்பது வருஷமா அதுலதான் சாப்பிடுறோம்." நியாயம்தான்.

ஜூன் 14
கார்லண்ட் என் தோளைத் தட்டினான். "இந்த வருஷமும் வந்து பாரு. அசல்னா எப்படி இருக்கும்னு தெரிஞ்சுக்க."

ஜூன் 15
விமானப் பதிவு அலுவலகத்துக்கு எழுதிவிட்டேன். பேரேட்டு நகல், படம், அச்சு அடித்த தகரம். தகட்டைச் செய்தவர் யார் என்பதற்கு என் முழுப் பெயர், லைசென்ஸ் எண்.

ஆகஸ்ட் 28
லைசென்ஸைப் பறித்துவிட்டார்கள். இனி என் விமானத்தில் ஒரு ஸ்க்ரூவை முடுக்கக்கூட எனக்கு உரிமை இல்லை. கண்காட்சிக்குப் பார்வையாளர் டிக்கெட் வாங்கிப் போனேன். விமான வரிசையில் கார்லண்டின் இடம் காலி. அந்தப் புல்லில் உட்கார்ந்து, கொண்டுபோன சாண்ட்விச்சை நிதானமாகத் தின்றேன். நன்றாக இருந்தது.