உள்ளே போய்விட்ட கோப்பு

அன்பு மகனுக்கு,

அப்பா வாயால் சொல்லச் சொல்ல இந்தப் போன் எழுதிக்கொள்கிறது. தப்பாக எழுதினாலும் எனக்குத் தெரியப் போவதில்லை, நீதான் கூட்டிக் கழித்துப் படித்துக்கொள்ள வேண்டும். பேசலாம் என்றால் நாலு வார்த்தைக்குள் “மீட்டிங்ப்பா, அப்புறம் பேசறேன்” என்று வைத்துவிடுகிறாய். இன்னொருவரிடம் சொல்லி எழுத வைக்கிற விஷயமும் இல்லை இது.

இங்கே தண்ணீர் மோட்டார் மறுபடி மக்கர் பண்ணுகிறது. அம்மாவுக்கு முட்டிவலி கொஞ்சம் தேவலை, மாடிப்படி மட்டும் ஏறுவதில்லை. அதனால் மாடி வீட்டில் நடப்பது அவளுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

மாடி வீட்டுப் பெண்ணை உங்கள் ஆபீஸுக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கார்டையும் லேப்டாப்பையும் வாங்கி வைத்துக்கொண்டார்களாம். நீயும் அவளும் சேர்ந்து வேலை செய்து கொடுத்த ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் கணக்குக்குள் யாரோ புகுந்து, நோயாளிகள் விவரத்தை எல்லாம் அள்ளிக்கொண்டு போய்விட்டார்களாம். அதைத் திறக்கிற சாவி எழுதி வைத்த கோப்பு, கண்டவனும் பார்க்கிற இடத்தில் கிடந்ததாம். உள்ளே சேர்த்தது யார் என்று தோண்டினால் அவள் பெயர்தான் நிற்கிறதாம். வெள்ளிக்கிழமை விசாரணை. நான் செய்யவில்லை என்று அவள் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. உன்னைக் கேட்டதற்கு “எனக்கு நினைவில்லை” என்று எழுதிக் கொடுத்தாயாமே.

எனக்கு நினைவிருக்கிறது.

அந்தக் கோப்பு உள்ளே போன அன்று நீ இங்கே வந்திருந்தாய்; உன் லேப்டாப் ரிப்பேருக்குப் போயிருந்தது. சாப்பாட்டு மேஜையில் அவளுடையதை வாங்கி வைத்து, அவள் பெயரிலேயே தட்டிக்கொண்டிருந்தாய். அவள் எதிரே உட்கார்ந்து ஆரஞ்சு உரித்தாள். நான் ஜன்னலோரம் ரேடியோவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். “சாவி ஃபைலை இக்னோர்ல போட்டியா?” என்று கேட்டாள். “ஐயோ, மொத்தத்தையும் ஏத்திட்டேனே. இரு, இப்பப் போட்டுடறேன்” என்று ஒரு வரி அடித்தாய். “அதுக்கப்புறம் போட்டு என்ன பிரயோஜனம்?” என்றாள். “வந்துட்டா பாரு சந்தேகப் பிராணி!” என்று சிரித்தாய்.

என்னம்மா அது என்று நான் கேட்டேன். தியேட்டர் வாசலில் டிக்கெட் கிழித்தே காலம் தள்ளியவனுக்குப் புரிகிற மாதிரிதான் சொன்னாள். “எதையெல்லாம் உள்ள விடக் கூடாதுன்னு வாசல்ல எழுதி வெக்கிறது பெரியப்பா. நட்சத்திரம் போட்டு ஃபைல் பேரோட வாலை மட்டும் எழுதினா, அந்த வால் இருக்கிற ஃபைல் அத்தனையும் வெளியவே நின்னுடும். ஆனா முன்னாடியே உள்ள போய் உக்காந்தவன், வாசல்ல போர்டு மாட்டினா எழுந்து வருவானா? உங்க பையன்தான் போய் எழுப்பணும். சாவியையும் மாத்தணும்.” அதற்குள் மேலேயிருந்து அவள் அம்மா கூப்பிட்டாள். “நான் எடுத்துடறேன், நீ போ” என்று அவளை அனுப்பினாய்.

பிறகு லேப்டாப்பை மூடி, மேலே கொடுத்துவிடச் சொல்லி என் கையில் தந்தாய். எடுத்தாச்சாடா என்று கேட்டேன். “நாளைக்குப் பாத்துக்கலாம்ப்பா, எவன் வந்து பாக்கப் போறான்” என்றாய். அதை நான்தான் மேலே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

உன் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. இப்போதுதான் பெரிய நாற்காலி கிடைத்திருக்கிறது. மருமகள் வேறு மாசமாக இருக்கிறாள். ஆனால் அந்தப் பெண்ணை இப்படி அனுப்பினால் வேறு எந்தக் கம்பெனி சேர்த்துக்கொள்ளும்? நேற்றுக் கீழே வந்தவள் உன்னைப் பற்றி ஒரு சுடுசொல் சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். “அன்னைக்கு நீங்களும் இங்கதானே இருந்தீங்க பெரியப்பா? ஆபீஸ்லேர்ந்து போன் பண்ணிக் கேட்டா, நடந்ததைச் சொல்வீங்களா?” என்று மட்டும் கேட்டாள். என் பையனே சொல்லிவிடுவான் அம்மா என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு மேலே போய்விட்டாள். நம்பினாளா என்று தெரியவில்லை.

அம்மா உன்னையும் மருமகளையும் நேரத்துக்குச் சாப்பிடச் சொன்னாள். பிறக்கப் போகும் குழந்தையும் நீயும் நல்லபடியாக இருக்க வேண்டும். உன்னைப் பற்றிக் கேட்டவர்களுக்கெல்லாம் இதுவரை நல்லதாகவே சொல்லி வந்திருக்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் நீ பேசிவிடு கண்ணா. என் வாயால் சொல்ல வைக்காதே.

உன் அப்பா