ஏலகிரி மேட்டில் நின்ற வண்டிக்கு என் பதில்

எழுத்து கோணலாக இருக்கிறது, பொறுத்துக்கொள். பொறுக்க முடியாவிட்டாலும் இனி நீ ஒன்றும் செய்வதற்கில்லை. ஸ்பேனர் பிடித்துக் காய்த்த விரலில் பேனா நிற்க மாட்டேன் என்கிறது. இந்த நாலு வரிக்கே ஒரு காலைப்பொழுது போய்விட்டது. ஆனாலும் எழுதுவது நான்தான், யாரும் கை பிடிக்கவில்லை. சர்ச் கூடத்தில் ஞாயிறுதோறும் நடக்கும் வகுப்பில் சேர்ந்து ஒரு வருஷம் ஆகிறது. இப்போது பஸ் போர்டை நானே படித்து ஏறுகிறேன். பள்ளிகொண்டா என்று எழுதியிருந்தால் பள்ளிகொண்டா என்றே தெரிகிறது! சட்டைப் பையில் பேனாவைச் செருகிக்கொண்டு நம் ஷெட்டில் நடை போடுவாயே, இந்த வித்தைக்கா அவ்வளவு மினுக்கு?

மேஜைமேல் நீ வெட்டிய தோல் பேக்கிங் கிடக்கிறது. இத்தனை வருஷம் எண்ணெயில் ஊறியும் தோல் நாற்றம் போகவில்லை. செத்துப் போன உன்னை அந்த நாற்றம்தான் கூப்பிட்டு வந்தது.

பாயின் வண்டி உனக்கு மறந்திருக்காது. தோல் மண்டிக்கார பாய் வாங்கிய, கப்பல் போன்ற அமெரிக்க வண்டி. கிளட்ச் மிதி கிடையாது, கியர் தானாக மாறும். அந்தக் கியர் பாக்ஸின் அடித்தட்டில் எண்ணெய் ஒழுகுகிறதென்று நம்மிடம் வந்தது. தட்டைக் கழற்றித் துடைத்தோம். மூடும்போது இடையில் வைக்கப் பேக்கிங் வேண்டும். வேலூரில் கார்க் கிடைக்கும், ஆள் அனுப்பலாம் என்றேன். நீ சிரித்தாய்.

"ஆம்பூர்ல பொறந்துட்டு கார்க்கு தேடுறியேடா, வெக்கமா இல்ல? தோலு தாங்காததா கார்க்கு தாங்கப்போவுது?"

பாயின் மண்டியிலிருந்தே ஒரு துண்டு பதனிட்ட நீலத் தோல் வாங்கி வந்து நீ வெட்டினாய். நான் எண்ணெய் ஊற்றினேன். ஷெட்டில் இருந்த டின்களில் எது என்று எனக்குப் படிக்கத் தெரியாது. மோந்து பார்த்தேன், சிவப்பு நிறம் பார்த்தேன், ஊற்றினேன்.

மறுநாள் பாய் குடும்பத்தோடு ஏலகிரி ஏறினார். ஏழாவது வளைவில் வண்டி நின்றது. இன்ஜின் அலறுகிறது, சக்கரம் அசையவில்லை. கால் மணி நேரம் கழித்துத் தானே கிளம்பி, நூறடி போய் மறுபடி நின்றது. நாம் லாரி பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது பாய் கொதித்துக்கொண்டிருந்தார். நீ பேனாவைத் தொட்டபடி முன்னால் போய் நின்று சொன்னாய்:

"என் வேலையில குத்தம் இல்ல பாய். இவன்தான் எண்ணெய மாத்தி ஊத்திட்டான். டின்னுல இன்னா எழுதியிருக்குன்னு படிக்கத் தெரியாது இவனுக்கு."

நான் இல்லை என்றேன். நீ என்ன சொன்னாய்?

"வாயால சொன்னா செல்லாதுடா. எழுதிக் குடு, பாக்கலாம்."

பாயின் டிரைவர்கூடச் சிரித்தான். பாய் என்னை வாய்க்கு வந்தபடி பேசினார். அத்தோடு ஷெட்டை விட்டுப் போனேன். படிக்கத் தெரியாத கையால் நல்ல வண்டியைத் தொடாதே என்று ஊரே சொன்னது. அப்புறம் லாரியும் டிராக்டரும்தான் எனக்கு. இதில் கேவலம் என்ன தெரியுமா? எனக்கே சந்தேகம். மாற்றித்தான் ஊற்றிவிட்டேனோ என்று முப்பத்தைந்து வருஷம் சந்தேகப்பட்டேன். உன் வாய்க்கு அவ்வளவு மரியாதை கொடுத்திருக்கிறேன், பார்.

போன மாதம் பாயின் மகள் என்னைத் தேடி வந்தார். மண்டி இப்போது அவர் கையில். "மேஸ்திரி, வண்டி அன்னிலேர்ந்து கடைத்தெரு வரைக்கும்தான் போவுது, மேடு ஏற மாட்டேங்குது. அத்தா இன்னொரு வாட்டி ஏலகிரி போணும்ன்றாரு. வேலூர்லேர்ந்து ரெண்டு பேரு வந்து பாத்தாங்க. உள்ள பிளேட்டு தேஞ்சு போச்சாம், கியர் பாக்ஸயே எறக்கணுமாம். நீங்க ஒரு தபா பாத்துச் சொல்லுங்க. இல்லன்னா எடைக்குப் போட்டுடுவேன்."

நான் போனேன். அந்த வேலூர் மேதைகளும் அங்கே நின்றார்கள், கையில் செல்போனோடு. இன்ஜின் ஓடும்போதே அளவுக்கம்பியை உருவி எண்ணெயை விரலில் தேய்த்து மோந்தேன். பிளேட் தேய்ந்திருந்தால் தீய்ந்த வாடை அடிக்கும். அடிக்கவில்லை. வண்டியை ஓட்டிப் பார்த்தேன். இரண்டு மைல் நன்றாகப் போய், பிறகு இழுவை செத்தது. அணைத்துவிட்டுப் பத்து நிமிஷம் காத்திருந்தேன். மறுபடி இழுத்தது.

"ஏம்பா, தேஞ்ச பிளேட்டு பத்து நிமிஷம் படுத்து எழுந்தா வளந்துடுமா?" என்று கேட்டேன். இரண்டு பேரும் செல்போனைப் பார்த்தார்கள். எண்ணெய் போகும் வழியில் ஏதோ அடைக்கிறது, இன்ஜின் நின்றால் அது உதிர்ந்து வழி விடுகிறது. இது தெரிய முகத்தில் மூக்கு ஒன்று இருந்தால் போதும்.

நம் கைக்குப் பிறகு யாரும் திறக்காத தட்டைக் கழற்றினோம். உள்ளே எண்ணெய் உறிஞ்சும் சல்லடை முழுக்க நீலச் சாம்பலாகப் பஞ்சு அப்பியிருந்தது. தட்டின் விளிம்பில் உன் பேக்கிங், உள்பக்கமெல்லாம் நார் நாராகப் பிய்ந்து தொங்கியது. பாயின் மகள் குனிந்து அந்தப் பஞ்சைக் கிள்ளி இரண்டு விரலில் உருட்டினார். தோல்காரர் மகள், வேறு யாரையும் கேட்கவில்லை.

"இது நம்ம தோலு!" என்றார்.

இன்னும் கேள். அன்று ஊற்றியது போக மிச்சத்தோடு நான் டிக்கியில் வைத்த எண்ணெய் டின் அங்கேயே இருந்தது. உடைந்த கைப்பிடிக்கு நான் கட்டிய கம்பி அப்படியே இருந்தது. துடைத்தேன். வகுப்பில் இங்கிலீஷ் பெரிய எழுத்தும் சொல்லித் தருகிறார்கள். ஏ. டி. எஃப். தானியங்கிக் கியருக்கு உரிய எண்ணெய்க்கு அந்த மூன்று எழுத்துத்தான். வாய் விட்டு மூன்று தரம் படித்தேன். வேலூர் மேதைகள் எனக்குப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும்.

குற்றம் தோலில்தான் என்று உனக்குத் தெரியும். அதுதான் எனக்கு ஆறவில்லை. நான் போன பிறகு நம் ஷெட்டைத் தாண்டும்போதெல்லாம் பார்ப்பேன், ஆணியில் கார்க் பேக்கிங்காகத் தொங்கும். வேலூரிலிருந்து வரவழைத்தாய். தோலை நீ மறுபடி வெட்டவே இல்லை. அப்போது எனக்கு உறைக்கவில்லை. பேனா வைத்திருந்தும் ஒரு வரி எழுத வக்கில்லாத பயல் நீ.

சல்லடையைக் கழுவி, கார்க் வைத்து மூடினேன். நேற்று பாயைப் பின்னால் உட்காரவைத்து நானே ஓட்டினேன். ஏழாவது வளைவில் "நிறுத்துபா" என்றார்.

"இப்ப நிக்காது பாய், தகிரியமா ஒக்காருங்க."

"நான் சொல்றேன், நிறுத்து."

மகள் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். "இந்த எடத்துலதான உன்ன அவ்ளோ பேசினேன்? இப்ப நீ பேசு. நான் கேக்கறேன்."

வந்த கோபமெல்லாம் உனக்கென்று எடுத்து வைத்தது, அவருக்கு எப்படிக் கொடுப்பேன்? "ஏறுங்க பாய், வெயிலு ஜாஸ்தி" என்றேன். மேலே போய் டீ குடித்தோம்.

உன் பேக்கிங்கை எறிய மனம் வரவில்லை. ஒவ்வொரு போல்ட் ஓட்டையும் அப்படி ஓர் அளவு. முட்டாள்தனத்தை இவ்வளவு நறுவிசாக வெட்ட உன்னால்தான் முடியும். சுவரில் மாட்டப்போகிறேன். கீழே உன் பெயர் எழுதுவேன், பிழையில்லாமல்.

எழுதிக் குடு என்றாயே, இதோ கொடுத்துவிட்டேன். இத்தோடு விட்டேன் என்று நினைக்காதே. குடியாத்தம் ஜீப்பில் நீ செய்த கூத்து இருக்கிறது. அடுத்த ஞாயிறு வகுப்பு முடிந்ததும் அதை எழுத உட்காருவேன். திட்டு நிறைய மிச்சம் இருக்கிறது. இப்போது அதற்கு என்னிடம் எழுத்தும் இருக்கிறது.