உங்கள் இலையில் முதல் வாய்ச் சோறு

என் ஜெபா அக்கா,

நீங்கள் இல்லாத லாபுத் தோட்டத்திலிருந்து உங்கள் வாயாடி எழுதுகிறேன். செத்தவர்களோடு பேசக்கூடாது என்றுதான் நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். தெரியும். வேறு யாரிடம் போய்ப் புலம்ப? "வா பிள்ள, ஊழியத்துக்குப் போவோம்" என்று திருநெல்வேலியிலிருந்து கையைப் பிடித்துக் கடல் தாண்டிக் கூட்டிவந்தவர், ஒரு டெங்கிக் காய்ச்சலில் என்னை அம்போ என்று விட்டுவிட்டுப் போவதா? எனக்கு உங்கள் மேல் கோபம்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வேலை நின்றுபோகவில்லை. காலையில் லெட்சுமி அக்கா வீட்டுக்காரர் முனியாண்டி அண்ணன் காலுக்குக் கட்டுப் போடுகிறேன். சர்க்கரை வியாதிப் புண் இன்னும் ஆறவில்லை. "பெரிய சிஸ்டர் கை பஞ்சு மாதிரிலா. சின்ன சிஸ்டர் கை மண்வெட்டி" என்கிறார். பிறகு சபை வேனில் வயசானவர்களை சிரம்பான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன். தோட்டத்து லய வீடுகளில் இப்போது அவர்கள்தான் மிச்சம். எண்ணெய்க்குச் செம்பனைக் குலை வெட்டுவதெல்லாம் வெளிநாட்டுப் பையன்கள்.

இப்போது வந்திருக்கிற சங்கடம் உங்களால் வந்தது. லெட்சுமி அக்கா உங்கள் படத்தைத் தெமியாங் கடைத்தெருவில் கொடுத்துப் பெரிதாக்கி, மாரியம்மன் படத்துக்கும் முருகன் படத்துக்கும் பக்கத்தில் மாட்டிவிட்டார். மாலை போட்டு, கண்ணாடியில் உங்கள் நெற்றிக்கு நேராகச் சந்தனமும் குங்குமமும் வைத்து, கீழே விளக்கும் ஏற்றியிருக்கிறார். ஒருநாளும் நெற்றியில் பொட்டு வைக்காத உங்களை அந்தக் கோலத்தில் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரத்தில் அழுகையும் வந்தது.

போன வாரம் முனியாண்டி அண்ணனுக்காக ஜெபிக்க லோபாக்கிலிருந்து நம் சபைப் பாஸ்டர் வந்தார். படத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். வெளியே வந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நாம இங்க ஜனங்களை மாத்த வந்தோம் மேரி. இவங்க நம்ம ஆளையே சாமியாக்கிட்டாங்க. ஞாயித்துக்கிழமை ஒங்க ஊர்லேருந்து மிஷன்காரங்க வர்றாங்க. அதுக்குள்ள படம் இறங்கியிருக்கணும். இல்லன்னா ஒன் விசா லெட்டர்ல நான் எப்படிம்மா சைன் பண்றது?"

பாஸ்டர் கெட்டவரில்லை. விமான நிலையத்தில் உங்கள் சவப்பெட்டியைக் கட்டிப்பிடித்து அழுதவர்தான். ஆனால் அவர் கையெழுத்து இல்லாவிட்டால் நான் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

அதனால் இன்று மத்தியானம் படத்தை எடுக்கப் போனேன். லெட்சுமி அக்கா அடுப்படியில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தார்.

"நாளைக்குப் பெரிய சிஸ்டருக்குத் தெவசம்லா. நெத்திலிச் சம்பலும் பால் ஊத்தாத கோப்பியும் வெச்சுப் படைக்கப் போறேன்" என்றார்.

நான் மென்று விழுங்கி விஷயத்தைச் சொன்னேன். அவர் சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"எடுத்துக்குங்க சிஸ்டர். ஒங்க அக்கா, ஒங்க படம். ஆளை பிளேன்ல ஏத்தி அனுப்பிட்டீங்க. ஒங்க ஊர்ல கல்லறைக்குப் போயி பூ வெப்பாங்கன்னு பெரிய சிஸ்டரே சொல்லியிருக்காங்க. நாங்க எங்க போயி வெக்கிறது? அதான் செவுத்துல வெச்சோம்."

கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தார். "ஆனா நாளைக்கு மட்டும் அவங்களைப் பசியோட அனுப்பிடாதீங்க. படைச்சதும் சொந்தக்காரங்க ஒருத்தர் மொத வாய் சாப்பிடணும். அது எங்க வழக்கம். நாங்க சொந்தமில்ல. நீங்கதானே தங்கச்சி?"

"யோசிச்சுச் சொல்றேன்க்கா" என்று வந்துவிட்டேன். வெளியே மழை கொட்டுகிறது. வேதாகமத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு வரியும் ஓடாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

படைத்ததை நாம் தொடமாட்டோம் என்று தெரிந்து, கோயில் திருவிழாவோ தீபாவளியோ, சாமிக்குக் காட்டுமுன்னே நமக்கென்று ஒரு பங்கு எடுத்து மூடிவைப்பாரே லெட்சுமி அக்கா, ஞாபகமிருக்கிறதா? "இது சாமிக்குக் காட்டாதது, பயப்படாம சாப்பிடுங்க" என்று சொல்லித் தருவார். இத்தனை வருஷமும் நம் வழக்கத்தை அவர் காப்பாற்றினார். தன் வழக்கத்துக்காக நம்மிடம் கேட்டது இதுதான் முதல் தடவை.

நீங்களாக இருந்தால் சாப்பிட்டிருப்பீர்களா? மாட்டீர்கள் என்றுதான் தோன்றுகிறது. அதுதான் என்னைப் போட்டு வதைக்கிறது. திருவிழாவில் அவர் பொட்டு வைக்க வந்தபோது, "நெத்தி மட்டும் வேண்டாம் லெட்சுமி, கையில வை" என்று உள்ளங்கையை நீட்டினீர்கள். அன்று முழுக்க அந்தக் குங்குமத்தை நீங்கள் கழுவவுமில்லை. அப்படியானால் எது உங்கள் பதில் அக்கா? நெற்றியா, கையா?

விக்கிரகத்துக்குப் படைத்ததைச் சாப்பிடக்கூடாது, சரி. நீங்கள் விக்கிரகமா? சம்பலில் உப்புக் குறைந்தால் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்கிற ஆள்தானே? நான் செய்யப்போவது தப்பாகவும் இருக்கலாம். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.

படத்தை இறக்கமாட்டேன். நாளை மத்தியானம் அந்த இலைக்கு முன்னால் உட்காருவேன். கண்ணை மூடி, நாம் எப்போதும் சொல்கிற மாதிரி ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு முதல் வாய் சாப்பிடுவேன். அடுத்த வாயை லெட்சுமி அக்காவுக்கு என் கையாலேயே ஊட்டிவிடுவேன். சொந்தமில்லையாம், பெரிய பேச்சு! நான் மட்டும் உங்களோடு ஒரே வயிற்றில் பிறந்தவளா? சாப்பிட்டு முடித்ததும் அண்ணன் காலுக்குக் கட்டுப் போட அக்காவுக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு நான் இங்கே இருப்பேனோ என்னவோ.

பாஸ்டர் காதுக்கு வேறு யார் வாயாலும் போகாது. நானே போய்ச் சொல்வேன். அனுப்பினால் அனுப்பட்டும். உங்களைப் பசியோடு அனுப்பமாட்டேன் அக்கா.

உங்கள் கூடப்பிறக்காத இரண்டு தங்கச்சிகளில் இளையவள்,
மேரி