நாட்டின் இரண்டாவது வக்கீல்

தம்பிக்கு,

ஊர் வந்து சேர்ந்தேன். உன்னிடம் அங்கே சொல்லாததை இப்போது எழுதுகிறேன்.

தலைநகரில் இறங்கியதும் நம் நாட்டுக்கே இருக்கிற அந்த ஒரு வக்கீலைப் பார்க்கப் போனேன். அப்பா கிழங்கு பயிரிட்டுவந்த குழி இனி யாருக்கு என்று ஆரம்பித்ததுமே அவள் கையைக் காட்டி நிறுத்திவிட்டாள்.

"அக்கா, அந்தக் குழி விஷயமா வேற ஒருத்தர் முந்திட்டாங்க. ரெண்டு பக்கத்துக்கும் நான் பேச முடியாது."

"யாரு முந்தினது?"

"அதை நான் சொல்லக் கூடாது."

முதலில் பக்கத்துக் குழிக்காரன் தாஃபிட்டோவைச் சந்தேகப்பட்டேன். அவனோ ஒரு வருடமாக நம் தீவைவிட்டு நகரவே இல்லை. தலைநகரிலேயே குடியிருந்து அவள் வாசலுக்கு நடந்தே போகக்கூடியவன் நம் குடும்பத்தில் நீ ஒருவன்தான். அன்று மதியம் உன் வீட்டில் சாப்பிட்டபோது, எப்போதும் குழியை விசாரிக்கிற நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. மீன் நன்றாக இருந்தது.

உன் மகள் ஃபிஜியில் சட்டம் முடிக்க இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. அவள் கப்பலைவிட்டு இறங்கும் நாளில் துறைமுகத்தில் முதல் ஆளாக நான் நிற்பேன். நீ மாலையோடு வருவதற்குள் என் வழக்கைச் சொல்லி முடித்திருப்பேன்.

உன் அக்கா