சர்க்கரைப் பாதாமி

முள்ளியவளை,
புதன்கிழமை.

அன்பின் மருமகன் அர்ஷாத்துக்கு, அல்லாஹ்வின் சாந்தி வேண்டி மாமா நஜீம் எழுதுவது.

போனில் பேசினால் இருவரும் கத்துவோம். அதனால்தான் எழுதி, படம் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். முழுவதும் வாசித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

மகள் றம்ஸியாவுக்கு வாந்தி நின்றுவிட்டது. பிள்ளையின் துடிப்பும் சரி. ஆனால் ஏழாம் மாதம், இரத்தமும் குறைவு. தூரப் பயணம் வேண்டவே வேண்டாம் என்கிறார் டொக்டர். நாளை ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு விடுவார்கள்.

நடந்தது இதுதான். தோஹாவில் இருந்து நீங்கள் அனுப்பிய மிஷ்மிஷ் என்ற காய்ந்த அப்ரிகொட் பழத்துக்குத் தமிழில் என்ன பெயர் என்று றம்ஸியா போனில் தேடி, "சர்க்கரைப் பாதாமி" என்று வாசித்தாள். மாமிக்கு அது போதும். "பாதாமி எண்டா பாதாம்தானே, சத்தெல்லாம் கொட்டைக்குள்ளதான்" என்று, பழத்தின் கொட்டைகளை நம்மூர்க் கொட்டங்காய் உடைப்பது போல உடைத்து, பருப்பை அரைத்துப் பாலில் கலந்து கொடுத்துவிட்டா. எந்தச் சாமானையும் நாக்கில் வைத்துப் பார்த்தே கடைக்குள் எடுப்பவன் நான். கோப்பையை வாங்கி ஒரு சொட்டு வைத்தேன். ஒரே கசப்பு! மிச்சத்தைக் கொட்டிவிட்டேன். அதற்கு முன்பே றம்ஸியா பாதி குடித்துவிட்டாள்.

பருப்புத்தான் நஞ்சாம், பழம் இல்லை. பழத்தில் இரும்புச் சத்து உண்டு, கண்ணுக்கும் நல்லது, இரும்புக் குளிசையால் வரும் மலச்சிக்கலும் இளகும் என்றார் டொக்டர். கொட்டையை எறிந்துவிட்டு, பழத்தை ஊறவைத்துத் தோடம்பழத்தோடு தின்னட்டுமாம்.

"உங்கட கையால இனி என்ட பெண்சாதி ஒண்டும் தின்னக் கூடாது" என்று மாமியிடம் சொன்னீர்களே, அன்றிலிருந்து அவா குசினிக்குள் கால் வைக்கவில்லை. கடைச் சாப்பாடுதான். ஒன்று கேட்கிறேன்: கொட்டையோடு பழத்தை அனுப்பி, ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டது யார்? வியாபாரத்தில் என்றால் பாதிப் பிழை அனுப்பினவனுக்கு.

வெள்ளிக்கிழமை உங்கள் உம்மா வான் பிடித்து வந்து, றம்ஸியாவை வவுனியாவில் உள்ள தன் வீட்டுக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறா. வழியில் கனகராயன்குளம் தாண்டுவதற்குள் ஏதும் ஆனால் யாரிடம் போய்க் கேட்பது? நீங்கள் மாமியை நம்பினால் உங்கள் உம்மாவும் வானை விட்டுவிடுவா.

இன்று காலை றம்ஸியா ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி, "என்ட உம்மா ஊறப் போட்டுத் தந்தாத் தின்னுவன்" என்றாள். மாமி அந்தப் பழப் பெட்டியின் பக்கமே திரும்ப மாட்டேன் என்கிறா. நான் சொல்லியும் கேட்கவில்லை.

மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம், மகன். போன் எடுத்து, "மாமி, நாலு பழம் ஊறப் போடுங்கோ" என்று மட்டும் சொல்லுங்கள். போன் அவாவின் தலையணைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

துஆவுடன்,
மாமா.