ஆவியில் வளைத்த நுனி

மார்ச் 4, செவ்வாய்

காலையில் எழுந்ததும் முதல் வேலையாகக் கெட்டிலில் தண்ணீர் கொதிக்க வைத்து, மெல்லிய கம்பி ஒன்றை வளைத்து ஆவியில் காட்டிப் பழகிக்கொண்டு நின்றேன். சத்தம் கேட்டு வீட்டுக்காரர் கோப்பையோடு வந்துவிட்டார்.

"டீ போடறேன்னு நெனச்சேன். கம்பிக்கா ஆவி பிடிக்கிற? அதுக்கு என்ன, ஜலதோஷமா?"

சிரிப்பு வரவில்லை. டீயும் போடவில்லை.

நாளை ஏலக்காரம்மாவுக்குச் சிகிச்சை. மொத்தச் சந்தையில் காய்கறி ஏலம் விடுகிறவர், ஐம்பத்திரண்டு வயது. மூளையின் அடியில், பின்பக்கம் போகும் ஒரு சின்ன ரத்தக்குழாயில் பட்டாணி அளவுக்குக் குமிழி. இந்த இடத்தில் வருவது அபூர்வம். பதினேழு வருடத்தில் எனக்கு இது மூன்றாவது. வெடித்தால் ஆளே மிஞ்சமாட்டார். மண்டையைத் திறந்து போனால், தொண்டைக்கு இறங்கும் நரம்புகளுக்கு நடுவே கத்தி வைக்க வேண்டும். குரல் போகலாம். குரல் போனால் அவருக்கு என்ன மிச்சம்?

அதனால்தான் உள்வழி. தொடை இடுக்கில் ஒரு துளை, அங்கிருந்து கழுத்துவரை ஒரு தடித்த குழாய், அதற்குள் நூல்போல ஒரு குழாய், அதன் வழியே குமிழிக்குள் பிளாட்டினச் சுருள். நூல்குழாயின் நுனி எந்தப் பக்கம், எவ்வளவு வளைந்திருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. உள்ளே கம்பி கொடுத்து, வளைத்து, ஆவியில் காட்டி, குளிர்ந்த நீரில் அமுக்கினால் அந்த வளைவு நிற்கும். கொஞ்சம் விரிந்தும் கொடுக்கும், அதனால் கூடுதலாகவே வளைக்க வேண்டும். எங்கள் துறையில் வளைப்பது என் பொறுப்பு.

மார்ச் 5, புதன்

ஆகவில்லை.

மார்ச் 6, வியாழன்

நுனி குமிழியின் வாயைத் தொடும், வழுக்கும். தொடும், வழுக்கும். பதினைந்தாவது நிமிடம் பெரியவரின் கை நீண்டது. எங்கள் துறைத் தலைவர். அவருக்குப் பின்னால் நாங்கள் எல்லாரும் சொல்லும் பெயர் அது.

"குடும்மா, நான் பாக்கறேன்."

பதினோரு வருடமாக இதே "குடும்மா". கொடுத்தேன். என்றைக்குக் கொடுக்காமல் இருந்திருக்கிறேன்? அவர் நாற்பது நிமிடம் போராடினார். அதே நுனி, அதே வழுக்கல். "போதும், வெளிய எடு." அறிக்கையில் ஒரே வரி: உள்வழியில் சாத்தியமில்லை. மண்டையைத் திறக்க இருபதாம் தேதி குறித்தாகிவிட்டது.

சாத்தியமில்லையாம்! இன்னும் பத்து நிமிடம் என் கையில் இருந்திருந்தால்—

வார்டில் ஏலக்காரம்மா படுக்கையில் உட்கார்ந்து, பக்கத்துக் கட்டில்காரிக்கு நல்ல கத்திரிக்காய் பார்த்து வாங்குவது எப்படி என்று பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். நான் விஷயத்தைச் சொன்னதும் பாடம் நின்றது.

"குரல் போயிடுமா டாக்டரம்மா?"

"போகலாம்னு ஒரு வாய்ப்பு இருக்கு. கட்டாயம் போகும்னு இல்ல."

"எங்க ஏலத்துல ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்னு சொல்லித்தான் முடிப்போம். நீங்க ஒரு தரம்னு சொல்லிட்டு எழுந்து போறீங்களே, இது என்ன நியாயம்?"

நோயாளியின் தாளைப் புரட்டுவதுபோல் பாவனை செய்தேன்.

மார்ச் 8, சனி

மகள் சொல்கிறாள்: "அம்மா, அந்தத் துண்டை மூணாவது தடவையா மடிக்கிற. உங்க பெரியவரைத் திட்டணும்னா வாய் விட்டுத் திட்டேன்."

மார்ச் 9, ஞாயிறு

விடுமுறை நாளில் போய்ப் படம் பார்க்கும் அறையில் உட்கார்ந்தேன். பெரியவர் எந்த நிமிடத்தில் கெடுத்தார் என்று கண்டுபிடிக்கத்தான் போனேன். இதை எழுதிவிட வேண்டும். அதற்காகத்தான் போனேன்.

முதல் படத்தில் அந்த ரத்தக்குழாய் முழங்கையை மடக்கியதுபோல மடங்கியிருக்கிறது. அதைப் பார்த்துத்தான் நான் நுனியை வளைத்தேன். ஆனால் தடித்த குழாய் கழுத்துக்கு ஏறிய பிறகு, அது தள்ளிய தள்ளலில் மடக்கு நிமிர்ந்துவிட்டது. நடுவில் எடுத்த அவசரப் படங்களில் தெளிவாகத் தெரிகிறது. மடங்கிய கைக்குத் தைத்த சட்டையை நீட்டிய கைக்கு மாட்டப் பார்த்திருக்கிறேன். யார் கையில் கொடுத்தாலும் அந்த நுனி உள்ளே போயிருக்காது. பத்து நிமிடம் இல்லை, பத்து நாள் கொடுத்திருந்தாலும்.

அது மட்டும் என்றால் பரவாயில்லை. படக்காரர், பெரிய எக்ஸ்ரே கருவியை ஓட்டுகிறவர், அன்றைக்குக் கேட்டார். இப்போதுதான் ஞாபகம் வருகிறது. இல்லை, பொய். முதல் நாளிலிருந்தே ஞாபகம் இருந்தது.

"மேடம், குழாய் மேல ஏறிடுச்சு. வளைக்கறதுக்கு முன்னாடி புதுசா ஒரு படம் எடுத்துடட்டுமா?"

"வேண்டாம் அண்ணா, நேரமாகுது."

திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னேன். பெரியவராவது "குடும்மா" என்று கேட்டு வாங்கினார்.

ஏன் வேண்டாம் என்றேன்? பதினைந்து நிமிடத்துக்குள் முடித்துக் காட்ட வேண்டும் என்றுதானே. நீளப்போகும் அந்தக் கைக்குப் பயந்துதானே.

மார்ச் 11, செவ்வாய்

துறைக் கூட்டத்தில் எழுந்து, உள்வழியில் இன்னொரு முறை முயல அனுமதி கேட்டேன். தடித்த குழாய் ஏறிய பிறகு எடுக்கும் படத்தை வைத்து வளைத்தால் நுனி போகும் என்றேன்.

பெரியவர் கண்ணாடியைக் கழற்றினார். "போன தடவை அப்படிப் பண்ணலையா?"

"பழைய படத்தை வெச்சு வளைச்சிட்டோம் சார்."

வளைச்சிட்டோம். எத்தனை பேர் சேர்ந்து வளைத்தோம்? கடைசி வரிசையில் படக்காரர் என்னைப் பார்த்தார். பிறகு பேனா மூடியைப் பார்த்தார்.

"ஒரே ஒரு தடவை," என்றார் பெரியவர். "ஆகலைன்னா இருபதாம் தேதி அப்படியே இருக்கட்டும்."

மார்ச் 13, வியாழன்

கையெழுத்து வாங்கப் போனேன். ஆபத்துகளை ஒவ்வொன்றாகச் சொன்னேன்: கிழியலாம், அடைக்கலாம், பக்கவாதம் வரலாம். போன முறை ஏன் தவறியது என்று ஏலக்காரம்மா கேட்டார்.

"நுனியோட வளைவு சரியா அமையல."

"அது அமையறதும் அமையாததும் யார் கையில இருக்கு?"

நர்ஸ் கூப்பிட்டாள். நல்லவேளை என்று ஓடினேன். வெட்கக்கேடு.

மார்ச் 14, வெள்ளி

"அண்ணா, புதுப் படம்" என்று நான் திரும்பும்போதே படக்காரரின் கால் எக்ஸ்ரே கருவியின் மிதிகட்டையில் இருந்தது.

ஆவியில் இரண்டு முறை வளைத்தேன். முதல் வளைவு பிடிக்கவில்லை, தூக்கிப் போட்டேன். நேரம் பார்க்கவில்லை. பதினைந்து நிமிடம் எப்போதோ தாண்டியிருந்தது. பெரியவரின் கை பாதி நீண்டது, பிறகு தன் முகமூடியைச் சரிசெய்துகொண்டது. நுனி வாயைத் தொட்டது. வழுக்கவில்லை. உள்ளே போய் உட்கார்ந்தது.

நான்கு சுருள். குமிழிக்குள் ரத்தம் போகவில்லை, பக்கத்துக் குழாயில் ஓட்டம் நிற்கவில்லை.

யாரும் கை தட்டவில்லை. இங்கே யாரும் தட்டமாட்டார்கள். வெளியே வந்து, எக்ஸ்ரே படாமலிருக்கப் போட்ட ஈய உடுப்பைக் கழற்றியபோது முதுகு முழுக்க நனைந்திருந்தது.

மார்ச் 15, சனி

குரல் இருக்கிறது. வார்டின் மறுகோடிவரை கேட்கிறது. காபி ஆறிப்போனதற்குச் சண்டை.

மார்ச் 17, திங்கள்

சந்தோஷமாக இருக்க வேண்டிய நாள். ஏன் இப்படி எரிகிறது?

காலையில் ஏலக்காரம்மாவைப் பார்க்க வந்தவர்கள் ஐந்தாறு பேர், தம்பி உட்பட. நான் நுழைந்ததும் ஆரம்பித்துவிட்டார்.

"இதோ, இவங்கதான்! மொதல் தரம் அந்தப் பெரிய டாக்டர் நடுவுல கைய வெச்சாராம், காரியம் கெட்டுது. ரெண்டாந் தரம் இவங்க தனியா பண்ணாங்க, முடிஞ்சுது. மூணாந் தரம் சொல்ல வேலையே வெக்கல!"

"அப்போ எங்கக்கா வாயை யாராலயும் மூட முடியாது" என்றார் தம்பி. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அந்த வாக்கியத்துக்காகப் பதினோரு வருடம் காத்திருந்தேன் என்றுகூடச் சொல்லலாம். யாராவது சொல்ல மாட்டார்களா என்று. சொன்னார்கள். முழுப் பொய். சரிசெய்ய எனக்கு நான்கே வார்த்தை போதும், வாயைத் திறக்கவில்லை. வெளியே வந்தால் நடையில் படக்காரர், அடுத்த நோயாளியின் தாளோடு. கேட்டிருப்பார். "வாழ்த்துகள் மேடம்" என்றார். குத்தல் இல்லை. இருந்திருந்தால் தேவலை.

சாயங்காலம் வீட்டுக்காரர் கேட்டார்: "ஜெயிச்சவ மூஞ்சியா இது?" தலைவலி என்றேன். அவரே போய் டீ போட்டார்.

நாளை பத்து மணிக்கு ஏலக்காரம்மா டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்குப் போகிறார். ஒன்பதரைக்கு வார்டுக்குப் போவேன். அவர் எல்லாரும் கேட்கத்தான் சொன்னார், நானும் எல்லாரும் கேட்கவே சொல்வேன். முதல் தரம் கெட்டது பெரிய டாக்டரால் இல்லை, நான் தப்பாக வளைத்ததால். புதுப் படம் எடுக்கலாமா என்று ஒருவர் கேட்டார், நான்தான் வேண்டாம் என்றேன்.

என்ன சொல்வார்? கத்தலாம். கத்தட்டும். அந்தக் குரலுக்காகத்தானே இவ்வளவும்.

படக்காரருக்குப் போன் செய்து, நாளை ஒன்பதரைக்கு வார்டு வாசலுக்கு வாருங்கள் என்றேன். எதற்கு மேடம் என்று கேட்டார். சும்மா வாங்கண்ணா என்று வைத்துவிட்டேன்.